அடி இல்லை, குடி இல்லை, ஆனாலும் அந்தப் பெண் ஒடுங்கிப் போகிறாள்: எப்படி அடையாளம் காண்பது, என்ன செய்வது?

கரிசல்காடு (கேள்வி)

மகளிர் சுயஉதவிக் குழுக்களில் பேசப் போனால் ஒரே மாதிரியான நிலைமை வேறு வேறு வாய்களில் வருகிறது. கணவர் கை ஓங்குவதில்லை, குடிப்பதில்லை, தெருவில் நல்ல பெயர். ஆனால் மனைவியின் ஏடிஎம் கார்டு அவர் பர்ஸில். மாதம் வரும் உரிமைத்தொகை 1000 ரூபாயும் அவர் கைக்குத்தான் போகிறது. அம்மாவிடம் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். குழம்பு சரியில்லை என்றால் நான்கு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஐந்தாம் நாள் பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்து "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா" என்பார். அந்தப் பெண்ணைக் கேட்டால் "அவர் நல்லவர்தாங்க, எனக்குத்தான் புத்தி பத்தலை" என்கிறாள்.

விவரம் தெரிந்தவர்களிடம் மூன்று கேள்விகள். இது சாதாரணக் குடும்பச் சண்டையா, கொடுமையா என்று எதை வைத்துப் பிரிப்பது? அந்தப் பெண் ஏன் அவரையே தாங்கிப் பேசுகிறாள்? பக்கத்தில் இருப்பவர்கள் நடைமுறையில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

வைகைக்கரை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். அதில் தெளிவு வந்தால் மற்றதெல்லாம் எளிது.

கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானப்படையினர் சிலர், செய்யாத குற்றங்களைச் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். திடமான ஆட்களை எப்படி அப்படி வளைத்தார்கள் என்று ஆல்பர்ட் பைடர்மேன் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்து 1957இல் வெளியிட்டார். ஆளை உடைக்க அடி உதை அவசியமே இல்லை என்பது அவர் கண்டது. எட்டு வழிகளை வரிசைப்படுத்தினார்: ஆளைத் தனிமைப்படுத்துவது, அவர் கவனம் முழுவதையும் தன் மேலேயே கட்டிப்போடுவது, உடம்பைச் சோர வைப்பது, மிரட்டுவது, அவ்வப்போது சலுகை காட்டுவது, "என்னை மீறி எதுவும் நடக்காது" என்று காட்டிக்கொண்டே இருப்பது, கேவலப்படுத்துவது, அற்ப விஷயங்களில் கட்டளை போடுவது. பிற்காலத்தில் குடும்ப வன்முறைத் துறையில் வேலை செய்தவர்கள் இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் வீட்டுக்குள் நடப்பதும் இதேதான்.

உங்கள் கேள்வியிலேயே பாதி வந்துவிட்டது. ஸ்பீக்கர் போன் தனிமைப்படுத்தல். அல்வா சலுகை. நான்கு நாள் மௌனம் ஒரே நேரத்தில் மிரட்டலும் கவனத்தைக் கட்டிப்போடுவதும். அந்த நான்கு நாளும் அவள் தலைக்குள் ஓடுவது ஒன்றுதான்: நான் என்ன தப்பு செய்தேன், எப்படிச் சரிசெய்வது. தன் வேலை, தன் உடம்பு, தன் தூக்கம் எதற்கும் இடம் இருக்காது. பேசாமல்தானே இருக்கிறார், அடிக்கவில்லையே என்று இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டர் பந்து விளையாட்டில், முன்பின் தெரியாத இருவர் சில நிமிடம் தன்னிடம் பந்தைப் போடாமல் இருந்தாலே ஆட்களின் சுயமதிப்பும், நிலைமை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் சட்டென்று இறங்குவதை கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரின் சோதனைகள் காட்டின. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் நாள் கணக்கில் ஒதுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வெளியாட்கள் கோட்டைவிடுவது இரண்டு இடங்களில். ஒன்று தூக்கம். இரவு 12 மணிக்கு "உன்கிட்ட பேசணும்" என்று எழுப்பி மூன்று மணி வரை உட்கார வைத்து விசாரிப்பது. காலை ஐந்து மணிக்கு அவள் எழுந்து சமைத்தாக வேண்டும். இது வாரக்கணக்கில் போனால் ஞாபகம் தடுமாறும், சின்னச் சின்னத் தவறுகள் வரும். அந்தத் தவறுகளையே காட்டி "பாத்தியா, உனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது" என்று மறுபடி குட்டலாம். "எனக்குத்தான் புத்தி பத்தலை" என்ற சொல் பல வீடுகளில் இப்படித்தான் பிறக்கிறது.

இன்னொன்று அற்பக் கட்டளைகள். டம்ளரை எந்தப் பக்கம் கவிழ்ப்பது, போனை எத்தனை மணி அடிப்பதற்குள் எடுப்பது, கடைக்குப் போனால் எத்தனை நிமிடத்தில் திரும்புவது. இந்த விதிகள் நிலையாக இருக்காது. போன வாரம் சரியாக இருந்தது இந்த வாரம் தப்பாகும். எப்போது எது தப்பாகும் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் அவனிடம் கேட்டுவிட்டுச் செய்யும் பழக்கம் வந்துவிடுகிறது. டம்ளரில் அவனுக்கு அக்கறை இல்லை, அந்தப் பழக்கம்தான் வேண்டும்.

சரி, எப்படிப் பிரிப்பது? ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்து எடைபோடாதீர்கள். எந்தச் சம்பவத்தையும் தனியாக எடுத்தால் "இதுக்குப் போயா?" என்றுதான் தோன்றும். இப்படிக் கேளுங்கள்:

"நீ முடியாதுன்னு சொன்னா அன்னைக்கு ராத்திரி என்ன நடக்கும்?" சாதாரணச் சண்டையில் பதில் "கத்துவார், நானும் கத்துவேன்" என்று வரும். கட்டுப்பாட்டில் இருப்பவள் "நான் சொல்ல மாட்டேன்" என்பாள், அல்லது பதில் சொல்வதற்கு முன் வாசலைப் பார்ப்பாள்.

"இதே விதி அவருக்கும் உண்டா?" இவள் போன் கடவுச்சொல் அவனுக்குத் தெரியும், அவன் போனை இவள் தொட்டால்?

"கல்யாணத்துக்கு முன்னாடி நீ செஞ்சது, இப்ப செய்யாதது என்னென்ன?" இதற்கு வரும் பட்டியல்தான் முக்கியம். தோழிகள், தையல் வகுப்பு, அண்ணன் வீட்டு விசேஷம், தனக்கென்று 100 ரூபாய், பிடித்த நிறத்தில் ஒரு சேலை. எவ்வளவு சத்தமாகச் சண்டை போட்டாலும் இருவர் வாழ்க்கையும் சுருங்காமல் இருந்தால் அது சண்டை. ஒருவர் வாழ்க்கை மட்டும் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே போனால் அது வேறு.

கரிசல்காடு

மிக்க நன்றி. தூக்கத்தைப் பற்றி இதுவரை யாரிடமும் கேட்டதே இல்லை, இனிமேல் கேட்கிறோம். ஒரு துணைக் கேள்வி. அந்தக் கணவருக்கு மனநோய் இருக்கலாமோ, இருவரையும் சேர்த்து கவுன்சிலிங் அனுப்பினால் சரியாகிவிடுமே என்று குழுவில் பலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

முல்லைநிலம்

சேர்த்து அனுப்ப வேண்டாங்க. இதை அழுத்திச் சொல்கிறேன்.

இருவர் கவுன்சிலிங் என்பது இரண்டு பேரும் பயமில்லாமல் பேச முடியும் என்று நம்பி நடத்துவது. இங்கே ஒருவருக்கு மற்றவர் மேல் பயம். அவள் அங்கே உண்மையைச் சொன்னால் அன்று இரவே வீட்டில் அதற்குத் தண்டனை. சொல்லாவிட்டால் ஆலோசகர் முன்னால் அவன் நிதானமாக, அழகாகப் பேசுவான், அவள் அழுவாள், தடுமாறுவாள், ஆலோசகரே அவளைத்தான் பிரச்சனையாகப் பார்ப்பார். அதற்குப் பிறகு "டாக்டரே சொன்னாரு" என்ற ஆயுதமும் அவன் கையில். முதலில் அவளுக்குத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மனநோயா என்ற கேள்விக்கு: நாம் நோய்ப் பெயர் வைக்கக் கூடாது, வைத்தும் பயனில்லை. வேறொன்றைக் கவனியுங்கள். அவன் மேலதிகாரியிடம் இப்படிக் கோபப்படுகிறானா? கடன் கொடுத்தவனிடம் நான்கு நாள் மௌனம் காக்கிறானா? விருந்தாளி வாசலில் வந்ததும் குரல் மாறுகிறதா? மாறினால் கோபம் அவன் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. அதனால்தான் கோபத்தை அடக்கும் பயிற்சி இவர்களிடம் எடுபடுவதில்லை. அவனுக்குக் குறை கோபத்தில் இல்லை, இவள் தனக்குச் சொந்தம் என்ற எண்ணத்தில். செய்வதற்கு நல்ல பெயரும் வைத்துக்கொள்வான்: அக்கறை, கண்டிப்பு, குடும்ப மானம். கொடுமை செய்கிறவர் தன்னைக் கொடுமைக்காரர் என்று நினைக்காமல் இருக்க இப்படி என்னென்ன வழி தேடுகிறார் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா விரிவாகவே எழுதியிருக்கிறார்: செயலுக்கு இனிமையான பெயர், பழியை அடுத்தவர் மேல் போடுவது, பாதிப்பைச் சின்னதாக்குவது.

நேரடியாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மறுப்பான் ("நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"). அடுத்து கேட்டவளைத் தாக்குவான் ("உங்க அம்மா மாதிரியே சந்தேகப் புத்தி"). கடைசியில் தானே பாதிக்கப்பட்டவன் ஆகிவிடுவான் ("இந்த வீட்ல எனக்கு நிம்மதியே இல்ல"). பத்து நிமிடத்தில் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த வரிசையை ஜெனிபர் ஃப்ரைட் என்ற உளவியலாளர் 1997இல் விவரித்தார். வரிசை முன்கூட்டியே தெரிந்தால் அவள் நடுவில் சிக்கி விளக்கம் சொல்ல மாட்டாள். "சரி, அப்புறம் பேசலாம்" என்று விலகுவது பல நேரம் விவாதத்தைவிடப் பாதுகாப்பு.

இப்போது ஏன் தாங்கிப் பேசுகிறாள் என்பது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக ஆழமாகப் பதிய வைக்கும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகள் எப்போதோ காட்டிவிட்டன. கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்துவந்த புறா அது நின்றதும் கொத்துவதைச் சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது கிடைத்துவந்த புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். அந்த அல்வா நாள் தவறாமல் வந்தால் இவ்வளவு பிடிமானம் இருக்காது. 1981இல் டட்டன், பெயின்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பிணைப்புக்கு இரண்டு நிபந்தனை சொன்னார்கள்: அதிகாரத்தில் ஏற்றத்தாழ்வு, கொடுமையும் கனிவும் மாறி மாறி வருவது. காயப்படுத்துகிறவரே ஆறுதல் சொல்கிறவராகவும் இருப்பதால், வலி கூடும்போது அவள் அவனிடமே இன்னும் நெருங்குகிறாள். அவள் முட்டாளும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. அந்த நல்ல நாட்கள் உண்மையாகவே நடந்தவை.

அதனால் அவனைத் திட்டாதீர்கள். திட்டினால் அவள் அவனுக்காக வாதாட ஆரம்பிப்பாள், அடுத்த முறை உங்களிடம் வர மாட்டாள். "விட்டுட்டு வந்துடு" என்று கெடு வைக்கவும் வேண்டாம். அவனும் உத்தரவு போடுகிறான், நீங்களும் உத்தரவு போட்டால் அவளுக்கு என்ன வித்தியாசம்? "நீ சொல்றதை நம்புறேன்", "இது உன் தப்பு இல்ல", "உனக்கு எது வேணும்னு நீ முடிவு பண்ணு, நான் இருக்கேன்". இந்த மூன்றும் போதும். பல பெண்கள் வெளியேறி, திரும்பிப் போய், மறுபடி வெளியேறுகிறார்கள். திரும்பிப் போனவளிடம் "அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டால் அவளுக்கு இருந்த ஒரே கதவையும் நாமே அடைத்துவிடுகிறோம்.

வழக்காடி

சட்டப் பக்கம் சொல்கிறேன். அடி இல்லாவிட்டால் வழக்கு இல்லை என்ற எண்ணம் தவறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் (2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் உள்ளது) பிரிவு 3இல் உடல், பாலியல், சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை என்று நான்கையும் சேர்த்திருக்கிறது. ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைப்பது, சீதனத்தைத் தராமல் வைத்துக்கொள்வது, செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது எல்லாம் நான்காவது வகை. மனைவிக்கு மட்டும் இல்லை. ஒரே வீட்டில் வாழும் தாய், சகோதரி, விதவை மருமகள், திருமணம் போன்ற உறவில் இருப்பவர் ஆகியோரும் கேட்கலாம். மாமியார் நாத்தனார் மீதும் மனு போடலாம். 2016இல் உச்ச நீதிமன்றம் எதிர்மனுதாரர் ஆணாக இருக்க வேண்டும் என்ற வரம்பை நீக்கிவிட்டது.

வழி: மாவட்டச் சமூகநலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவரிடம் போனால் குடும்ப நிகழ்வு அறிக்கையை அவரே எழுதி நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அனுப்புவார். நேராக நீதிமன்றத்தில் பிரிவு 12 மனுவும் போடலாம். தாய் வீட்டில் தங்கியிருந்தால் அந்த ஊர் நீதிமன்றமே போதும். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால் மனுவோடு சேர்த்து பிரிவு 23இல் இடைக்கால உத்தரவும் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் விட்டு மாதக்கணக்கில் வெறுங்கையோடு அலைகிறவர்கள் அதிகம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும். போனில் கேட்க 15100.

"வீடு மாமியார் பேர்ல இருக்கு, வெளிய போ" என்பார்கள். பயப்பட வேண்டாம். சேர்ந்து வாழ்ந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குற்ற வழக்கு தனி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86ஆவது பிரிவுகள். மனநலத்துக்குக் கடும் கேடு விளைவிக்கும் நடத்தையும் அதில் கொடுமைதான், மூன்று ஆண்டு வரை சிறை. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வராதீர்கள். முதலில் சமாதானம்தான் பேசுவார்கள். எழுதிக் கொடுக்கச் சொன்னால் வாசிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆதாரம் பற்றி. தேதி, நேரம், அவன் சொன்ன அதே வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள், இந்த நான்கையும் அன்றே எழுதி வையுங்கள். "ரொம்பக் கொடுமைப்படுத்தினார்" என்று எழுதினால் எதற்கும் ஆகாது. "12ஆம் தேதி இரவு 12.20க்கு எழுப்பினார், 'உன் சம்பளத்துக்கு உனக்கு உரிமை இல்லை' என்றார், 2.45 வரை நிற்க வைத்தார்" என்று எழுதினால் நீதிபதி கண்ணில் படும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் சேமித்த பெயருக்குப் பதில் எண் தெரிய வேண்டும், தேதியும் தெரிய வேண்டும். செய்தி வந்த போனையே பத்திரமாக வையுங்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்தோடு பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் போய் நிற்கும் மனுக்கள் நிறைய. கணவன் மனைவி பேச்சைத் தெரியாமல் பதிவு செய்தது திருமண வழக்கில் செல்லும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் பதிவு செய்யும்போது பிடிபட்டால் என்ன ஆகும் என்பதை அவள்தான் கணிக்க வேண்டும், நீங்கள் தூண்டாதீர்கள்.

நகைக்கு: கல்யாண ஆல்பத்தில் நகை தெரியும் படங்கள், கடை ரசீது, எத்தனை பவுன், யார் போட்டது என்ற பட்டியல். அடகு வைத்திருந்தால் அந்தச் சீட்டின் நகல்.

பொதிகைச்சாரல்

ஆண்களுக்கும் இது நடக்கிறது. பைடர்மேன் பட்டியலில் ஆண் பெண் என்று எதுவும் இல்லை. அவர்களுக்கு என்ன வழி?

வழக்காடி

நடக்கிறது, மறுக்கவில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஆண் மனு போட முடியாது. இந்து திருமணச் சட்டம் 13(1)(ஐஏ) பிரிவில் மனக் கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம். எதெல்லாம் மனக் கொடுமை ஆகும் என்று 2007இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உதாரணங்கள் அடுக்கியிருக்கிறது. மிரட்டல், அடி, பணம் பறிப்பு இருந்தால் பொதுவான குற்றப் பிரிவுகள் எல்லோருக்கும் பொருந்தும். மேலே சொன்ன தேதிக் குறிப்பும் 63ஆவது பிரிவுச் சான்றிதழும் அவர்களுக்கும் அப்படியே.

நூல்கண்டு

போன், பணம், கிளம்பும் ஏற்பாடு இந்த மூன்றிலும்தான் நல்ல மனசுக்காரர்கள் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.

அவள் போனில் கண்காணிப்பு இருக்கிறதா என்று பார்க்க: வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ், கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங், கூகுள் கணக்கில் "உங்கள் சாதனங்கள்", மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் யாருடையது என்பது. அவன் பெயர் இருந்தால் உடனே நீக்காதீர்கள். நீக்கிய நிமிடமே அவனுக்குத் தெரியும், கேள்வி அவளுக்கு. அந்தப் போனை இருந்தபடியே விட்டுவிட்டு, முக்கியப் பேச்செல்லாம் வேறொருவர் போனில். புதுப் போன் வாங்கினால் பழைய கூகுள் கணக்கில் அதில் நுழையவே கூடாது.

எல்லாவற்றுக்கும் ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது என்று பாருங்கள். ஆதாரில் கணவன் எண் இருந்தால் டிஜிலாக்கரும் பயனில்லை, எதைத் திறந்தாலும் அவன் போன் மணி அடிக்கும். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து எண்ணை மாற்றலாம், பழைய எண் தேவையில்லை. கிளம்பும் நாளுக்கு நெருக்கமாகச் செய்யுங்கள். புது வங்கிக் கணக்கு வேறு வங்கியில், பாஸ்புக்கும் கார்டும் தபாலில் வீட்டுக்கு வராமல் கிளையிலேயே கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளக் கணக்கை மாற்றும் கடிதம் கடைசி வாரத்தில்.

பையில் இருக்க வேண்டியது: ஆதார், குடும்ப அட்டை நகல், பிள்ளைகள் பிறப்புச் சான்று, திருமணப் பதிவுச் சான்று, மருந்துச் சீட்டுகள், இரண்டு வாரத்துக்குத் தேவையான மாத்திரை, கொஞ்சம் ரொக்கம். பை அவள் வீட்டில் இருக்கக் கூடாது. தாய் வீட்டிலும் வேண்டாம், அவன் முதலில் தேடுவது அங்கேதான்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. "அடிக்கிறதில்ல" என்று சொல்கிறவளிடமும் "எப்பவாவது கழுத்தைப் பிடிச்சாரா?" என்று தனியாகக் கேளுங்கள். பலர் அதை அடியாக நினைப்பதில்லை, அதனால் சொல்வதில்லை. கழுத்தை நெரித்த துணைவனால் பின்னாளில் கொல்லப்படும் ஆபத்து ஏறக்குறைய ஏழு மடங்கு என்று 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. வெளியில் தழும்பு தெரியாமலே உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மல், விழுங்கும்போது வலி, கண்ணில் ரத்தப் புள்ளி இருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், நடந்ததை மருத்துவர் எழுதும்படி சொல்லுங்கள். அவள் விட்டுப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியும் நேரமும், போன பிறகான முதல் சில மாதங்களும் ஆபத்து அதிகம். பிள்ளையைப் பார்க்க, பொருளைக் கொடுக்க, "கடைசியா ஒரு தடவை பேச" என்று தனியாகக் கூப்பிட்டால் போகக் கூடாது.

கரிசல்காடு

கழுத்துக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. கடைசியாக ஒன்று: பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால் என்ன சொல்ல வேண்டும்? பல பெண்கள் என்ன பேசுவது என்று தெரியாமலே போனை வைத்துவிடுகிறார்கள்.

நூல்கண்டு

முழுக் கதையும் சொல்ல வேண்டாம். எந்த மாவட்டம், இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாளா, பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வேண்டும் (தங்க இடமா, சட்ட உதவியா, மருத்துவமா), திரும்ப அழைப்பதாக இருந்தால் எந்த எண்ணில் எந்த நேரத்தில். இதை நான்கு வரியில் எழுதி வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். அங்கே சில நாள் தங்கலாம், மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில். அந்த நொடியே ஆபத்து என்றால் 112. பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலில் இருந்து அந்த எண்ணை நீக்க வேண்டும். போஸ்ட்பெய்டு இணைப்பு என்றால் பில்லில் எண் வந்துவிடக்கூடும், அதனால் குழுத் தலைவி போனிலிருந்தே அழைக்கச் சொல்லுங்கள்.